காதோரம் சொன்னது

இன்சுலின் வைக்கிற ஃப்ரிட்ஜைத் திறந்து, எதையோ தேடுகிற பாவனையில் தலையை உள்ளே விட்டு நின்றிருந்தாள் மருந்துக்கடை அக்கா. காலையிலிருந்து இது நாலாவது தடவை. கழுத்தில் கிளம்பும் சூடு முகமெல்லாம் பரவி, ஒரே நிமிஷத்தில் ஆளை நனைத்துவிட்டுப் போகும். மாதவிலக்கு நிற்கிற வயசு; தூக்கம் போய் ஒன்றரை வருஷமாகிறது. நேற்று ஒரு பெரியவருக்கு ஐந்து மில்லிகிராமுக்குப் பதில் பத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவர் படியிறங்குவதற்குள் பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி வந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் கை தவறியதே இல்லை. இன்னொரு தடவை தவறினால் வேலை போவது இருக்கட்டும், யாருடைய உயிராவது போகும். அந்தப் பயத்தில்தான் நேற்று மாலையே டாக்டரம்மாவிடம் ஓடினாள்.

அங்கே வாங்கிய சீட்டு பையில் இருந்தது. தன் சீட்டுக்குத் தானே மருந்து எடுக்கக் கூடாது என்பது கடை விதி. ஆகவே புது ஃபார்மசிஸ்டிடம் நீட்டினாள். புது என்றால் அவன் வந்து இரண்டு வருஷமாகிறது. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சீட்டைப் படித்தவன் முழங்கையை ஊன்றி, முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. இது ஹார்மோன் மாத்திரை. வேணாம்க்கா, கேன்சர்ல கொண்டுபோய் விட்டுரும். ஒரு தடவை ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாது. எல்லாப் பொம்பளைங்களும் இந்த வயசைத் தாண்டித்தானே வர்றாங்க? கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு..."

அக்காவுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ஆத்திரம்.

"எந்தப் பல்லைக் கடிக்கச் சொல்றே? ஒன்றரை வருஷமா கடிச்சுத் தேஞ்சே போச்சு! கேன்சராம். யாருக்கு, எத்தனை வருஷம் சாப்பிட்டா, எவ்வளவு கூடும்னு தெரியுமா உனக்கு? குடும்பத்துல யாருக்கு என்ன வியாதி, ரத்தம் உறைஞ்சதுண்டா, பிரஷர் எவ்வளவுன்னு அரை மணி நேரம் குடைஞ்செடுத்துட்டுத்தான் டாக்டரம்மா எழுதினாங்க. எனக்கு ஆபத்து கொஞ்சம், பலன் அதிகம், வருஷா வருஷம் பாக்கலாம், வேணாம்னா நிறுத்திக்கலாம்னாங்க. நீ ரெண்டு வரி படிச்சுட்டுத் தீர்ப்பு சொல்றியா? எவன் சொல்லிக் குடுத்தான் உனக்கு இதை?"

அவன் மிரண்டுபோய்ப் பார்த்தான். "நீங்கதான்க்கா."

"நானா?"

"நான் சேர்ந்த முதல் வாரம். கணக்கு டீச்சர் இதே மாத்திரைக்குச் சீட்டோட வந்தாங்க. நீங்க இப்படித்தான் குனிஞ்சு சொன்னீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுங்கிறதுகூட நீங்க சொன்னதுதான். எவ்வளவு அக்கறையா சொல்றாங்கன்னு அப்ப நினைச்சேன்."

அவன் மாத்திரையை எடுத்து வைத்தான். அவளுக்கோ டீச்சரின் முகம் கண்முன் வந்து நின்றது. "நல்லவேளை சொன்னீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாளே, அதற்கு அன்று முழுக்க இவளுக்குப் பெருமை தாங்கவில்லை. என்றைக்கோ அரைகுறையாகக் காதில் விழுந்த ஒரு செய்தி. அதை வைத்துக்கொண்டு இத்தனை காலம் டாக்டர் வேலை பார்த்திருக்கிறாள்! டீச்சர் வகுப்பில் பாதிக் கணக்கில் திகைத்து நின்றதையும், பிள்ளைகள் சிரித்ததையும், வேலையை ராஜினாமா செய்துவிட்டதையும் பிறகு கேள்விப்பட்டபோது "பாவம்" என்றுவிட்டு அடுத்த சீட்டை வாங்கினாள். பாவமாம்! தூ. செய்வதையும் செய்துவிட்டுப் பரிதாபம் வேறு.

மத்தியானம் சாப்பாட்டைத் தொடவில்லை. டீச்சர் வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. கதவைத் திறந்த டீச்சரின் பிடரியில் ஈரத்துண்டு கிடந்தது. உள் அறையில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், அன்னைக்கு நான் சொன்னது தப்பு. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். மறுபடி டாக்டர்கிட்ட போங்க. உங்க உடம்புக்கு ஒத்துக்குமா இல்லையான்னு அவங்க பாத்துச் சொல்லட்டும்." பழக்க தோஷம், குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

டீச்சர் கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை.

"எத்தனை பேர்கிட்ட?"

"என்ன டீச்சர்?"

"இதையே எத்தனை பேர்கிட்ட சொல்லியிருப்பீங்க? மாசத்துக்கு ஒருத்தர்னு வெச்சாக்கூட, இருபத்திரண்டு வருஷம். போட்டுப் பாருங்க."

அக்காவுக்குக் கண் கலங்கியது.

"அழாதீங்க. அழுதா நான் ஆறுதல் சொல்லணும், அதுக்கு எனக்குத் தெம்பில்ல. எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு உள்ளே இருக்கறவர், சொந்தக்காரங்க எல்லாருக்கும் சொல்லியாச்சு. நானும் அதை நம்பிட்டேன். ரெண்டு வருஷம்!" டீச்சர் பிடரித் துண்டை இழுத்துக் கையில் சுருட்டினாள். "அன்னைக்கும் காதோரம் சொன்னீங்க, இன்னைக்கும் காதோரமே சொல்றீங்க. உரக்கச் சொல்லுங்க. அவருக்கும் கேக்கட்டும்."

அக்கா மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறுபடி அந்தச் சூடு கழுத்தில் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் உரக்கச் சொன்னாள். உள்ளே பேப்பர் மடங்கும் சத்தம் கேட்டது. அவள் குரல் மாடிப்படி வழியே கீழே இறங்கிப் போனது. கீழ்த்தளத்தில் ஒரு கதவு திறந்து, வேர்த்து வழியும் ஒரு பெண்ணின் முகம் அண்ணாந்து பார்த்தது.

"இன்னும் உரக்க," என்றாள் டீச்சர்.