பயணம் எப்படி இருந்தது?

ஆம்புலன்ஸ் ஓட்டும் அக்காவுக்கு முதுகெலும்பு தேய்ந்துபோயிற்று. இனி ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மிச்சமிருந்தது அவசர அழைப்புகளை எடுக்கும் கன்ட்ரோல் ரூம் வேலை ஒன்றுதான். அதற்கு இங்கிலீஷில் நேர்முகத் தேர்வு. பதினொரு வருஷம் மேடு பள்ளம் பார்த்தவளுக்கு அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

ஹோட்டல் வரவேற்பில் வேலை செய்யும் தங்கை வாத்தியாரானாள். வெளிநாட்டு விருந்தினர்கள் பெட்டியை இறக்கியதும் கொட்டுகிற புலம்பலெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்.

"கஷ்டமான பயணத்தைப் பத்திக் கேப்பாங்கக்கா. 'வெரி டிஃபிகல்ட்'னு ஸ்கூல் பிள்ளையாட்டம் சொல்லாத. குலுக்கி எடுத்துச்சுன்னா 'பம்பி ரைடு'ன்னு சொல்லு. ரொம்ப மோசம்னா 'டிரிப் ஃப்ரம் ஹெல்', நரகப் பயணம்னு."

"வந்து சேந்தப்புறமும் இவ்வளவு அலுப்பாடி?"

"எல்லாரும் அலுத்துக்குவாங்க. நீயும் கொஞ்சம் அலுத்துக்கோயேன்."

ஒரு வாரம் பாத்திரம் கழுவும்போதுகூட அக்கா முணுமுணுத்து மனப்பாடம் செய்தாள்.

தேர்வில் பெண் அதிகாரி ஒருவர் அதையேதான் கேட்டார். மிகக் கடினமாக இருந்த பயணம் எது, எப்படி இருந்தது? அக்காவின் கண்முன் அந்த மழைநாள் வந்து நின்றது. முன்னால் சக்கரம் முங்கும் தண்ணீர். பின்னால் பிரசவ வலியில் ஒரு பெண். படித்ததெல்லாம் கம்பி நீட்டிவிட்டது.

"ஸ்மூத் ஜர்னி, மேடம். ஆல்மோஸ்ட் தேர்."

சுகமான பயணம், கிட்டத்தட்ட வந்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். நோயாளி காதில் விழும்படி கஷ்டம் என்று வாய் திறக்கக் கூடாது என்பது வண்டியில் எழுதாத சட்டம். வாய் அதற்கே பழகிக் கிடந்தது. வேலை போச்சு என்று நினைத்தாள்.

அதிகாரி பேனாவை வைத்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "அப்ப ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"முப்பத்திரண்டு கிலோமீட்டர், மேடம். ரோடெல்லாம் தண்ணி, பின்னால பிரசவ வலியில ஒரு பொண்ணு." தயங்கிவிட்டு, "டிரிப் ஃப்ரம் ஹெல்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பக்கத்துல வந்துட்டோம்னு நீங்க சொன்னதை அந்தப் பொண்ணு நம்புனாங்களா?"

"நம்புனதாலதான் தாக்குப்பிடிச்சாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க."

"இங்க போன் பண்றவங்களுக்கும் இப்படி ஒரு குரல்தாங்க வேணும். இங்கிலீஷ் பழகப் பழக வந்துடும். திங்கட்கிழமை வந்துடுங்க."

வெளியே வந்து தங்கைக்குப் போன் போட்டாள்.

"வேலை கிடைச்சிடுச்சுடி," என்றாள். பிறகு, பதினொரு வருஷத்தில் முதல் முறையாக, "ரொம்பக் கஷ்டமா இருந்துச்சுடி அந்த மழைநாளு. ரொம்பப் பயந்துட்டேன்," என்று முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள்.

வரவேற்பில் யாரோ மணி அடித்தார்கள். தங்கை போனை வைக்கவில்லை.