கேட்கக் கூடாத கேள்வி

போலீஸ்காரரையும், தீக்காயம் பட்டவளின் மாமியாரையும் வெளியே அனுப்பிவிட்டு, சூசைமேரி வார்டுக் கதவைத் தானே சாத்தினாள். பையிலிருந்து காகிதத்தையும் பேனாவையும் எடுத்தாள்.

கோவையில் பதினோரு வருடம் வக்கீல். தேர்வெழுதி மாஜிஸ்திரேட்டாகிப் பவானிக்கு வந்து இன்னும் ஒரு மாதம்கூட முடியவில்லை. மரண வாக்குமூலம் வாங்குவது இதுதான் முதல் தடவை. அதுவரை அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அதை உடைப்பதுதான். போன வருடம்கூட ஒரு வழக்கில், வாக்குமூலத்துக்கு முன்பே செத்துப்போன பெண்ணின் தாய் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டாள் என்று வாதாடிக் கணவனை விடுதலை செய்ய வைத்திருந்தாள். இப்போது தான் எழுதும் ஒவ்வொரு வரியையும், என்றோ ஒரு நாள் தன்னைப் போன்ற ஒரு வக்கீல் கூண்டுக்கு முன்னால் நின்று பிரித்து மேய்வான் என்பது நினைவில் உறுத்திக்கொண்டே இருந்தது.

கட்டிலில் பங்காரம்மா. வாழையிலைமேல் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் மட்டும் தீ படவில்லை. இருபத்திரண்டு வயது முகம்.

"நெனவு தெளிவா இருக்குதுங்க மேடம். சீக்கிரம் கேட்டுருங்க," என்றார் டாக்டர் திருமலைசாமி.

"நான் மாஜிஸ்திரேட்டும்மா. போலீஸ் இல்ல. நீ யாருக்கும் பயப்பட வேண்டியதில்ல. எப்படித் தீப்பிடிச்சுது?"

பங்காரம்மாவின் கண்கள் கதவுக்குப் போயின. அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது.

"ஸ்டவ்வு…" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். "ஏனுங்க, எம் புள்ள யாருகிட்டங்க இருக்குது? அவிய, எம் மாமியா கிட்டயா?"

சூசைமேரி எழுதுவதை நிறுத்தினாள். வக்கீலாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, 'கண்ணு, அவிங்கதான் பண்ணுனாங்களா?' என்று ஒரே வார்த்தையில் கேட்டிருப்பாள். இப்போது, பதிலை எடுத்துக்கொடுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டால் இந்தக் காகிதம் செல்லாது. இவளுடைய அம்மாவை உள்ளே விட்டாலும் செல்லாது. பேசாமல் இருந்தாலோ, குழந்தைக்குப் பயந்து அந்த 'ஸ்டவ்வு' என்பதோடு இவள் போய்விடுவாள்.

"உங்கம்மா வந்திருக்காங்களா?"

"அவினாசியிலிருந்து வந்திருப்பாங்க."

சூசைமேரி டாக்டரிடம், "கொழந்தைய அந்தம்மா கையில வாங்கிக் குடுக்கச் சொல்லுங்க சார். யாரும் உள்ள வரக் கூடாது," என்றாள். பிறகு பங்காரம்மா கேட்டதையும், தான் சொன்னதையும், டாக்டர் எழுந்து போனதையும் ஒன்றுவிடாமல் எழுதினாள். நாளைக்கு ஒருவன் இதை வைத்தே உடைக்கலாம். உடைக்கட்டும்.

டாக்டர் திரும்பி வந்து தலையை ஆட்டினார். "அவங்கம்மாகிட்ட குடுத்தாச்சுங்க."

வெளியே அழுகை தேம்பலாகி மெல்ல அடங்கியது. பங்காரம்மா கண்ணை மூடித் திறந்தாள்.

"எப்படித் தீப்பிடிச்சுதும்மா?" அதே வார்த்தைகள், அதே குரல்.

வறண்ட உதடுகள் பிரிந்தன; இந்தத் தடவை கண்கள் கதவுக்குப் போகவில்லை. சூசைமேரி காதை அருகே கொண்டுபோய்க் குனிந்தாள். பேனாமுனை காகிதத்தைத் தொட்ட இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறிப் பெரிதாகிக்கொண்டிருந்தது.