நாத்தனார் நாக்கு

எங்கள் பஸ் டிப்போ கேன்டீனில் தலைமைச் சமையல் என் மனைவி. காய் நறுக்குவதும் அடுப்பு பார்ப்பதும் என் தங்கை. நான் அதே டிப்போவில் டைம்கீப்பர். ஆக, வீட்டிலும் வேலையிலும் இந்த இரண்டு பேருக்கும் நடுவில்தான் என் நாற்காலி. அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்படியில் என்றால் மற்றவர்கள் எதை எதிர்பார்ப்பார்களோ அது இவர்களிடம் நடக்கவில்லை. சண்டை உண்டு. ஆனால் என்னைத் திட்டுவதென்றால் இருவரும் ஒரே கட்சி.

போன வருஷம் என் மனைவி கறி சாப்பிடுவதை விட்டாள். யாரும் சொல்லி அல்ல. கோழி சுத்தம் செய்துகொண்டிருந்தபோது ஒன்றின் வயிற்றுக்குள் முட்டைக்குலை இருந்தது. முட்டையிடும் கோழிக்குள் அது இருக்கும். ஓடு கட்டிய ஒன்று முன்னால் நிற்கும். அதன் பின்னால் ஓடில்லாத மஞ்சள் கரு, அதைவிடச் சிறியது, அதையும்விடச் சிறியது என்று கடுகளவு வரைக்கும் போகும். அவள் எத்தனையோ தடவை பார்த்ததுதான். எனக்கென்று தனியாக எடுத்து வறுத்துக்கூடத் தந்திருக்கிறாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"நாளைக்கு ஒண்ணு, மறுநாளைக்கு ஒண்ணுன்னு வரிசையா வச்சிருந்தா அவ. ஒரு வாரத்து வேலையப் பிரிச்சு வச்சுட்டு வந்த மாதிரி. எனக்கு இனிமே தொண்டையில எறங்காதுங்க."

"அப்ப எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். வாய் முந்திக்கொண்டது.

"உங்களுக்கு எறங்கினா எறங்கட்டும். உங்க தொண்டைக்குள்ள எட்டிப் பாக்க நான் வரல."

அத்தோடு பேச்சு முடிந்தது. எனக்கும் டிப்போவுக்கும் கோழி எப்போதும் போல வந்துகொண்டிருந்தது.

சமையலில் மட்டும் ஒரு சிக்கல். காரம் ஏறியதா என்பதை வாசனை சொல்லிவிடும். வெந்த கறிக்கும் வேகாத கறிக்கும் வாசனை வேறு. உப்புக்குத்தான் வாசனை கிடையாது. அளந்து போடலாமே என்று நானே யோசனை சொன்னேன். ஒரு நாள் கோழி நிறையத் தண்ணீர் விடும், ஒரு நாள் விடாது, கரண்டிக் கணக்கு கை கொடுக்காது என்றாள். அதனால் என் தங்கையின் நாக்கை வாடகையில்லாமல் எடுத்துக்கொண்டாள். காலையில் கரண்டி நுனியில் குழம்பெடுத்துத் தங்கையின் உள்ளங்கையில் விடுவாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்க அண்ணி... இன்னும்... ஆ, போதும்."

"நாத்தனார் நாக்கு நல்லதுக்கும் உதவும்னு இப்பத்தான் தெரியுது" என்பாள் என் மனைவி.

"அண்ணி கைக்குச் சோறு மட்டும்தான் பிரச்சனையில்லாம வேகும்" என்பாள் என் தங்கை.

இப்படி எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. பிறகு கழுவுகிற இடத்துக்குத் தட்டுகள் கறித்துண்டோடு திரும்ப ஆரம்பித்தன. பருப்பை வழித்துச் சாப்பிட்டிருப்பார்கள், பொரியல் காலியாக இருக்கும், கோழி மட்டும் ஓரத்தில் ஒதுங்கிக் கிடக்கும். மேசைமேல் உப்புக் குப்பி உண்டு. ஆனால் மேலே தூவுகிற உப்பு துண்டுக்குள் ஏறுமா? எனக்கும் சப்பென்றுதான் பட்டது; சொன்னால், உப்பு சரியாகவே இருக்கிறது என்று தங்கை சாதிப்பாள், என் மனைவியும் அவள் பக்கம்தான்.

எங்கள் டிரைவர்களில் ஒருவருக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் அடிப்பதைவிட வாயால் அடிப்பது அதிகம். அவர் ஒரு நாள் டிரிப் ஷீட் கையெழுத்துக்கு என் ஜன்னலுக்கு வந்து, மற்ற நாலு பேர் காதில் விழும்படி கேட்டார்.

"டைம்கீப்பர் சார், வீட்ல மாஸ்டரம்மா கறி விட்டுட்டாங்களாமே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? பருப்பு பிரமாதம், கோழி சப்புன்னு இருக்குது. தினமும்! இது தற்செயலா? கறிய வேணும்னே கெடுத்து, எங்க எல்லாரையும் பருப்புக்கு மாத்தப் பாக்கறாங்க. எதிர்ல கத்தி எடுத்தா சண்டை போடலாம் சார். இது உப்புல கைவைக்கற வேலை."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பில் பாதி நம்பிக்கை இருந்தது. அன்று மாலைக்குள் புகார் மேனேஜரிடம் போனது. மறுநாள் மதியம் கேன்டீனுக்கு வருகிறேன், விசாரித்துவிட்டு வேறு மாஸ்டர் பார்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் நான் மெல்ல விஷயத்தை எடுத்தேன். வேலை போவதைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"நான் கெடுக்கறேனாமா? கறிய?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "ஏங்க, அது ஏற்கெனவே உசுர விட்டுட்டு வந்து நிக்குது. அதையும் வாய்க்கு வெளங்காமப் பண்ணிக் குப்பையில கொட்டினா, அது எதுக்குச் செத்துச்சு? தட்டு திரும்பி வர்றப்ப ஒவ்வொரு துண்டா எடுத்துக் கொட்டறது நான்தான். அந்த ஹாரனுக்கு என்ன, நாலு திட்டு திட்டிட்டு வண்டிய எடுத்துட்டுப் போயிடுவாரு."

"பேசாம விட்டுடேன். சைவச் சமையலுக்கு வேற எடம் பாக்கலாம்."

"நான் விட்டா கோழி வர்றது நிக்குமா? இன்னொருத்தர் வருவாங்க, கடனேன்னு வேக வைப்பாங்க. அதுக்கு நானே பண்றேன்."

அவள் சொன்னதை முழுசாக ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. சாப்பிடத் தொண்டை வராதவளுக்கு வெட்ட மட்டும் கை எப்படி வருகிறது என்று உள்ளுக்குள் ஓடியது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்தாள்.

"கேக்காதீங்க. எனக்கே பதில் தெரியாது. தெரிஞ்ச அளவுக்குத்தான் செய்ய முடியும்."

மறுநாள் மதியம் மேனேஜர் வந்தார். மெலிந்த மனிதர், எதையும் சாந்தமாகச் சொல்வார். அவர் எதிரில் ஒரு தட்டில் கோழிக் குழம்பை வைத்தார்கள். ஹாரனும் ஆறேழு டிரைவர்களும் சுற்றி நின்றார்கள். மேனேஜர் ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு இல்லம்மா."

"உப்பு போட்டிருக்கேன் சார். வேணும்னு ஒரு நாளும் கொறைச்சதில்ல."

"அப்ப நீங்களே ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லுங்க. விவகாரம் தீந்துடும்."

ஒரு வாய்தான். விழுங்கினால் வேலை தப்பும். நான் அவளைப் பார்த்தேன். அவள் தட்டைப் பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார், அது முடியாது. வேலை போனாலும் முடியாது. நான் சாப்பிடறதில்ல, ஆனா சாப்பிடறவங்களுக்குத் துரோகம் பண்றதும் இல்ல. உப்பு பாக்கறது இவ. இவளையே கேளுங்க."

தன்னைக் காட்டியதும் என் தங்கை மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். இத்தனை மாதமாக இந்தப் புகழ் தனக்கு வெளியில் கிடைக்கவில்லை என்று அவளுக்குக் குறை. குழம்பைக் கையில் விட்டு நக்கினாள். நாக்கை மேலண்ணத்தில் ஒருமுறை தட்டினாள்.

"இல்லன்னு எப்படிச் சொல்றீங்க சார்? சொல்லப்போனா உப்பு தூக்கலாவே இருக்கு!"

ஹாரன் தலையில் கையை வைத்துக்கொண்டார். "தூக்கலா? ஏம்மா, கடல் தண்ணியக் குடிச்சா இனிப்பும்பியா?"

எல்லோரும் சிரிக்க, என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நாத்தனாரையே உற்றுப் பார்த்தாள்.

"ஏய். ஒரு மாசமா வீட்ல உனக்குன்னு தனியாச் சமைச்சு டப்பா கட்டிட்டு வர்றியே, கேட்டா கேன்டீன் சாப்பாடு அலுத்துப் போச்சுன்னியே. அந்த டப்பாவ எடு."

"அது எதுக்கு அண்ணி இப்ப..."

"எடுடீ."

டப்பா வந்தது. என் மனைவி அதிலிருந்த கூட்டை விரலால் தொட்டு வாயில் வைத்தாள். என்னிடம் நீட்டினாள். நானும் வைத்தேன். வெறும் வெந்த காய். உப்பு என்பதே அதில் இல்லை.

"பிரஷராம்" என்றாள் என் தங்கை, தரையைப் பார்த்துக்கொண்டு. "டாக்டர் உப்ப நிறுத்தச் சொன்னாரு. சொன்னா அண்ணன் டாக்டர் டாக்டரா இழுத்துட்டுப் போவாரு. அண்ணி என்னை ஒரு மூலையில உக்கார வச்சிடுவாங்க. அதான்..."

உப்பில்லாமல் சாப்பிட்டுப் பழகிய நாக்கு கொஞ்சம் உப்பையே கரிப்பாகக் காட்டியிருக்கிறது. பருப்பையும் காயையும் என் மனைவி தானே ருசி பார்த்துவிடுவதால் அவை தப்பித்தன. கோழி மாட்டிக்கொண்டது.

"பிரஷர வச்சுக்கிட்டு அடுப்பு முன்னாடி நின்னியா?" என்று என் மனைவி அவள் காதைப் பிடித்தாள். "வேலை போனா போகுது, நீ விழுந்திருந்தா?"

"விடுங்க அண்ணி, டிரைவருங்கல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

மேனேஜர் தட்டை ஓரமாகத் தள்ளினார். "சரிம்மா, வேற மாஸ்டர் வேண்டாம். வேற நாக்குதான் வேணும். யார் பாப்பீங்க?"

என் மனைவி யோசிக்கவே இல்லை. "அவரு" என்று ஹாரனைக் காட்டினாள். "குத்தம் கண்டுபிடிக்கற நாக்கு. பொய் சொல்லாது."

ஹாரன் இரண்டு பக்கமும் பார்த்தார். தப்பிக்க வழியில்லை. தப்பிக்கிற எண்ணமும் முகத்தில் இல்லை. "மாஸ்டரம்மா, நான் அப்படிப் பேசினது..."

"உப்பு சப்பில்லாத கோபத்துல பேசிட்டீங்க. காலைல மொத வண்டிக்கு முன்னாடி வந்துடுங்க."

வந்தார். சீருடையோடு, பூஜைக்கு நிற்பவர் மாதிரி வலது கையைக் குழித்து நீட்டினார். நக்கினார், கண்ணை மூடினார்.

"இன்னும் கொஞ்சம் போடலாம்... இப்ப சரியா இருக்குன்னு நெனைக்கறேன். ஆனா துண்டோட பாத்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

துண்டு கொடுத்தாள்.

"இது கழுத்துத் துண்டு. தொடைல ஏறிச்சான்னு பாக்கணுமே."

"அதுக்கு டோக்கன் வாங்கிட்டு வாங்க" என்றாள் என் தங்கை, நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியபடியே. அண்ணி போட்ட நாற்காலி.

பத்து நாள் கழித்து நான் டீ குடிக்கப் போனபோது என் மனைவி கோழிக் கடைக்காரரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"நாளையிலேர்ந்து மூணு கொறைச்சே அனுப்புங்க... இல்லைங்க, ஆளு கொறையல. துண்ட ஒதுக்கறவங்களுக்கு வேற வைக்கத்தான் கூட வாங்கினேன், இப்ப மிச்சம் விழறதில்ல, அதான்... சரி, சரி, கோவிச்சுக்காதீங்க."

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்படியொரு நிறைவு. மூன்று கோழியால் உலகம் மாறிவிடாது என்று சொல்ல நினைத்தேன். அவளுக்கும் அது தெரியும் என்பதால் டீயைக் குடித்தேன்.

"எனக்கு ரெண்டு துண்டு எடுத்து வச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"வச்சிருக்கேன். மிச்சம் வச்சீங்க, தெரியும் சேதி" என்றாள்.