நுனி கருகிய வரிசை

சூரியகாந்தி என்றால் ஒரு தண்டு, ஒரு பூ. வாக்கப்பட்டு வந்த நாள் முதல் மூத்த மருமகளான பெரியவள் அந்தத் தோட்டத்தில் அதைத்தான் பார்த்திருக்கிறாள். அன்று காலை களை பறிக்கப் போனவளுக்கு, வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய வரிசை மட்டும் கண்ணை உறுத்தியது. இலைக் கக்கம் ஒவ்வொன்றிலும் பச்சை மொட்டு முட்டிக்கொண்டு நின்றது. கீழே இருந்தவை விரல் நீளக் கிளைகளாகவே ஆகிவிட்டிருந்தன.

கொழுந்தனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஒரு பூ வர்ற இடத்துல ஆறு பூ! அதிர்ஷ்டம் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கொட்டுது அண்ணி."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு செடியை வளைத்து உச்சியைப் பார்த்தாள். நுனிக் கொழுந்து சுருண்டு கருகியிருந்தது. தலை இருக்கும்வரை பக்க மொட்டுகள் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும்; தலை போனால்தான் ஆளாளுக்குக் கிளம்பும். பூச்சி கடித்த தடம் எங்கும் இல்லை. அடுத்த செடியும் அப்படியே. தொட்டித் தண்ணீர் பாய்வது அந்த வரிசைக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் கிணற்றுப் பாசனம்.

அவள் கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"களைக்கொல்லி கலந்த டிரம்மை எங்கே கழுவினே?"

"வாய்க்கால்லதான்..." அவன் பார்வை தரைக்குப் போனது. "இல்ல அண்ணி. வாய்க்கால் காஞ்சு கிடந்துச்சு. தொட்டியில முக்கி ஒரு அலசு. ஒரே அலசுதான்."

"நாம குடிக்கிற தொட்டியிலயா?"



அவள் சமையலறைக்கு ஓடினாள். கொழுந்தன் மனைவி, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தவள், டம்ளரை வாயருகே கொண்டுபோயிருந்தாள். பெரியவள் தட்டிவிட்டதில் அது சுவரில் மோதி உருண்டது.

"என்னக்கா, பேய் பிடிச்ச மாதிரி!"

"இந்தத் தண்ணியை இனிமே தொடாதே."

"தினமும் இதைத்தானே குடிக்கிறேன். ஒரு வாரமா லேசா கசந்துச்சு. என் நாக்குதான் சரியில்லைன்னு நெனச்சேன்."

தொட்டியைக் காலி செய்தார்கள்; அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டர் ரத்தம் எடுத்தார், ஸ்கேன் எடுத்தார். "இப்போதைக்கு ஒண்ணும் தெரியல. பிறக்கட்டும், பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். வீடு திரும்பியதும் கொழுந்தன் அரிவாளை எடுத்துக்கொண்டு போய் அந்த வரிசையை முழங்கால் உயரத்தில் வெட்டிச் சாய்த்தான். சில நாளில் வெட்டி மிஞ்சிய அடித்தண்டுகளிலும் கக்கத்துக்குக் கக்கம் மொட்டு முட்டியது. ஓரகத்தி கண்ணில் படுமுன் பெரியவள் எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிப்போட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. நன்றாக அழுதது. ஆனால் கையில் வாங்கிய ஒருவரும் முதலில் முகத்தைப் பார்க்கவில்லை; விரல்களைத்தான் எண்ணினார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன.

கொழுந்தன் மறுபடியும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான்.