ரசீது வரும்வரை

அண்ணன் அவள் வாயைப் பொத்தியபோது, அப்பாவின் மார்பு ஏறி இறங்குவது நின்று ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. வந்த அழுகை அவன் கைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கத்தாதடி. தெருவே கூடிடும். புரோக்கர் இப்பதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வரிசைல நிக்கிறான். வண்டிக்குச் சொந்தக்காரர் உயிரோட இருந்தாத்தான் ஆர்.சி. புக்குக்கு நகல் குடுப்பான். போயிட்டாருன்னு தெரிஞ்சா வாரிசு சர்ட்டிபிகேட் கொண்டா, அது கொண்டான்னு இழுத்தடிப்பான். ரசீது வர்ற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது."

மூச்சு விடாமல் இருந்தவர் அப்பா ஒருவர்தான்.

"அப்பா இப்படிக் கெடக்கிறாரேண்ணா..."

"யாருக்காகச் செய்றேன்? உன் வண்டிக்குத்தானே?"

அப்பா படுத்த நாளிலிருந்து அந்த மினி லாரியில் தண்ணீர் கேன் போடுவது அவள்தான். அப்பா, அம்மா, அவள் என மூன்று பேர் சாப்பாடும் அதில்தான். பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா ஆர்.சி. புத்தகத்தை ஸ்பானர் பெட்டிக்குள் வைத்திருந்தார். திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஸ்பானர்களுக்காகத் திருடனின் பரம்பரையையே திட்டித் தீர்த்த மனிதர், புத்தகம் போனதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. வழியில் மடக்குகிறவர்களிடமெல்லாம் அவள் பல்லைக் காட்டிக் காலத்தை ஓட்டினாள். போன வாரம் அண்ணன் கொண்டுவந்த காகிதங்களில் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்ட அப்பா, "புக்கு வந்ததும் இவ பேருக்கு மாத்திக் குடுத்துடுடா" என்றார். அண்ணன் நன்றாகத்தான் தலையாட்டினான்.

வாசலில் பக்கத்து வீட்டுக்காரியின் குரல் கேட்டது. "ஐயாவுக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?"

அம்மா மருந்துக் கரண்டியைக் கீழே வைத்தாள். போர்வையை அப்பாவின் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"தூங்குறாரு" என்றாள்.

அம்மாவை அப்படிப் பொய் சொல்ல வைத்ததற்கு அவளுக்கு அண்ணன்மேல் ஆத்திரம் வந்தது. சும்மா இருந்த தன்மேல் அதைவிட வந்தது.

புரோக்கரின் போன் வந்தது. அண்ணன் சமையலறைக்குள் போனான். அவனுடைய போனில் யார் பேசினாலும் வீட்டுக்கே கேட்கும்.

"சார், நகலுக்குப் போட்டாச்சு. அப்படியே விக்கிற பேப்பரையும் உள்ள தள்ளிடவா? வாங்குறவரு பக்கத்துலதான் நிக்கிறாரு."

"தள்ளுங்க. சீக்கிரம்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவுக்கும் கேட்டிருந்தது. ஆனால் அம்மா நிமிரவில்லை. போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தாள். பெற்ற பிள்ளையாயிற்றே.

அவள் எழுந்து தெருக்கதவை விரியத் திறந்தாள்.

"ஐயோ, அப்பா போயிட்டாரே!"

எதிர்வீட்டு மாடி ஜன்னல்கள் திறந்தன. துணி தேய்ப்பவர் இஸ்திரிப் பெட்டியை அப்படியே நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்தார். பக்கத்து வீட்டுக்காரி, "இப்பதானேக்கா தூங்குறாருன்னு சொன்ன?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கெடுத்துட்டியேடி, பாவி!" என்றான் அண்ணன். கூட்டத்தைப் பார்த்ததும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவளைவிடப் பெரிய குரலில் அழ ஆரம்பித்தான். ஆளுக்கொரு பக்கமாக அவனைத் தாங்கிப் பிடித்தார்கள்.

அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. தன் குரல் வண்டிக்காக எழுந்தது என்பது அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கென்று இன்னும் அழவில்லை.

"வாசலை அடைச்சுக்கிட்டு நிக்குதும்மா வண்டி. கொஞ்சம் எடுத்து ஓரமா விடு, ஆளுங்க வரணும்ல" என்றார் துணி தேய்ப்பவர்.

சாவியை எடுத்துக்கொண்டு போனாள். ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தி, கண்ணாடியை மேலே ஏற்றினாள். வண்டி வெகுநேரம் நகரவில்லை.