மீதியை நீ படி

"இது கரண்டு பில்லுடா," என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அக்கா கவரைத் திருப்பித் தம்பியின் மடியில் போட்டாள். "நான் கேட்டது அன்னிக்கு கைநாட்டு வச்சேனே, அந்தப் பேப்பரு."

மூச்சு வாங்கியபடி சொன்னாளே தவிர, குரலில் கோபமில்லை. அவன் கவரைச் சட்டைப்பையில் செருகினான். எட்டு மாதத்துக்கு முன்பு என்றால் கவரைப் பார்த்ததும் தலையாட்டியிருப்பாள்.

மில்லில் முப்பது வருஷம் நூல் சுற்றியவள். பஸ் போர்டைக்கூடப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுத்தான் ஏறுவாள். எட்டு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டு நின்றதும், நூலகத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"இந்த வயசுல படிச்சு எந்த ஆபீசுக்குப் போகப்போறக்கா?"

"உன் ஆபீசுக்குத்தான். உன் சீட்டு மேல எனக்கு ஒரு கண்ணு."

அன்று அவனும் சிரித்தான். பிறகு சிரிக்க முடியவில்லை. சோப்பு உறை, மருந்துச் சீட்டு, கடைப் பலகை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அக்கா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தாள். பக்கத்து அறையில் அதைக் கேட்கும்போதெல்லாம், யாரோ படியேறி வருவதுபோல் அவனுக்கு இருந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்பு, "வீட்டு வரி பேப்பர்க்கா, இங்க ஒரு கை வை" என்று அவன்தான் நீட்டினான். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் உழைத்து வாங்கிய வீடு. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். அவன் கேட்கவில்லை.

"இன்னைக்குப் பொழுதைத் தாண்டுறது கஷ்டம்," என்று டாக்டர் காலையிலேயே சொல்லியிருந்தார்.

மத்தியானம் வீட்டுக்குப் போய், பீரோவிலிருந்து அந்தப் பத்திரத்தை எடுத்தான். கிழித்துவிடலாமா என்று நின்றான். திரும்பி வரும் வழியில், கொஞ்சம் மெதுவாக நடந்தால் படிக்க வேண்டிய அவசியமே வராது என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. அது வந்ததும் வியர்த்துப்போய் ஏறக்குறைய ஓடினான்.

அக்கா விழித்திருந்தாள். காற்றுக்குழாயை மூக்கிலிருந்து ஒதுக்கிவிட்டுக் கண்ணாடியை மாட்டச் சொன்னாள். பத்திரத்தை நெஞ்சின்மேல் சாய்த்துப் பிடித்தான். அவள் விரல் முதல் வரியில் ஊர்ந்தது.

"நா...ன்... எ...ன்... சொ...ந்...த..."

அந்த ஒரு வரிக்கே கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டே போனது.

"கண்ணு மங்குது. மீதியை நீ படி."

"அப்புறம் படிக்கலாம்க்கா. தூங்கு."

"படிடா. நான் விரல் வச்சுப் பாத்துக்கிறேன்."

அவன் நினைத்தால் எதை வேண்டுமானாலும் படித்திருக்கலாம். ஆனால் அந்த விரல் இரண்டாவது வரியின் தொடக்கத்தில் காத்திருந்தது.

"என் உழைப்பில் வாங்கிய இந்த வீட்டை..."

"முழுங்காதே. மெதுவா."

"...என் தம்பிக்கு முழு மனதுடன் எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி இதில் எனக்கு எந்த உரிமையும் இல்லை. இதைப் படிக்கக் கேட்டு, புரிந்துகொண்டு..."

 தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் மூன்று வரி படித்து முடித்தான்.

"அக்கா, நான் அன்னிக்கு..."

விரல் இரண்டாவது வரியின் நடுவிலேயே நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை. எந்தச் சொல்வரை அவள் காதில் விழுந்தது என்றும் தெரியவில்லை.

நர்ஸ் வந்து நாடி பார்த்தாள். காற்றுக்குழாயை மூடினாள். கண்ணாடியைக் கழற்றி அவன் கையில் கொடுத்துவிட்டு, அக்காவின் கைக்கடியில் கிடந்த தாளைப் பார்த்தாள்.

"இது உங்களோடதா சார்?"

அவன் கண்ணாடிக் காம்புகளை மடக்கினான், விரித்தான், மறுபடி மடக்கினான்.

"அக்காவோடது," என்றான்.