கீச்சு இறந்த விதம்

கண் பரிசோதனை அறையில் விளக்கை அணைத்துவிட்டால் வந்தவரின் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது. நாற்காலியில் ஓர் உருவம், மூக்கின் மேல் கனமான சோதனைச் சட்டம், எதிர்ச்சுவரில் வெளிச்சமாக எழுத்துப் பலகை, அவ்வளவுதான். இத்தனை வருடமாகக் கண்ணாடிக் கடை நடத்தியதில் நான் முகங்களைவிடக் குரல்களோடுதான் அதிகம் பழகியிருக்கிறேன். தெரியாத எழுத்தைத் தைரியமாக அடித்துவிட்டு "சரிதானே?" என்று கேட்பவர்கள், பரீட்சை போலப் பயந்து முணுமுணுப்பவர்கள், எல்லாம் தெரிகிறது என்று பிடிவாதம் பிடிப்பவர்கள். அன்று காலை வந்த பெண்ணுக்கு வில்லையை மாற்றிவிட்டு, "இப்ப கீழ் வரியைப் படிங்க" என்றேன். படித்தாள். வரியின் கடைசி எழுத்துக்கு வந்ததும் அவள் குரல் சட்டென்று மேலே ஏறி, ஈரக் கண்ணாடியில் விரலைத் தேய்த்தாற்போல் கீச்சென்று முடிந்தது.

என் கையிலிருந்த வில்லை தரையில் விழுந்து உருண்டது.

அந்தக் குரல் உலகத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அந்தக் குரலுக்காகவே அவளைக் கீச்சு என்று கூப்பிட்டோம். ஆனால் கீச்சு பத்தாம் வகுப்புப் பாதியிலேயே பஸ் விபத்தில் செத்துப்போனவள்.

விளக்கைப் போட்டேன். அவள் சட்டத்தைக் கழற்றிக் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். முன்நெற்றி முடி நரைத்திருந்தது, கன்னம் சற்றுத் தொங்கியிருந்தது. மேலுதட்டில் அந்தத் தழும்பு, மாடிப்படிக் கைப்பிடியில் சறுக்கி விழுந்து தையல் போட்டது, அப்படியே இருந்தது. அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். வாய் மெல்லத் திறந்தது.

"ஏய்... ஒட்டடைக்குச்சி! நீயா? எங்கடி போச்சு அந்தக் குச்சி?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்னடி, பேயைப் பாத்த மாதிரி முழிக்கிற?" என்று சிரித்தாள்.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். அப்பாவுக்குப் பக்கவாதமாம். பணி ஓய்வுக்குப் பிறகு இந்த ஊருக்கே திரும்பி வந்து தனியாக இருந்தாராம். அவரைக் கவனித்துக்கொள்ள ஆளில்லை என்று வேலைக்கு நீண்ட விடுப்பு போட்டுவிட்டு வந்திருக்கிறாளாம். கணவரும் மகளும் அவர்கள் ஊரில் சமாளித்துக்கொள்கிறார்கள். "அம்மாவுக்குத்தான் கோவம். 'அந்த ஆளைப் பாக்கப் போறதுன்னா என் மூஞ்சியில முழிக்காத'ன்னுட்டாங்க. போன்கூட எடுக்கறதில்ல."

"அம்மா... இருக்காங்களா?" என்றேன்.

"இல்லாம எங்க போவாங்க? கல்லு மாதிரி இருக்காங்க."

அவளுடைய அம்மாவும்தான் இறந்துபோயிருந்தாள், அதே விபத்தில். அதையும் நான் சொல்லவில்லை. அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன், சூடாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம்ம ஆட்களைக் கூட்டுகிறேன், வந்துவிடு என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு தயக்கம் வந்து போனது. "என்னை ஞாபகம் இருக்குமா அவங்களுக்கு?" என்று கேட்டாள்.

அவள் போனபின் கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு உள்ளறையில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடத்தின் பெரிய மண்டபம் நினைவுக்கு வந்தது. மேடையில் ஒரு நாற்காலி, அதன்மேல் கீச்சுவின் படம். தனிப்படம் கிடைக்காமல் வகுப்புப் படத்திலிருந்து வெட்டிப் பெரிதாக்கியது. அதில் அவள் தோளோடு ஒட்டி என் ஒரு காதும் பாதிக் கன்னமும் இருந்தன. தலைமையாசிரியர் ஏதோ சொன்னார். நாங்கள் எல்லோரும் எழுந்து தலைகுனிந்து மௌனமாக நின்றோம். முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அவளுடைய அப்பா. நன்றி சொல்ல எழுந்தவர் வாயைத் திறந்தார், வார்த்தை வரவில்லை. மேடைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஒரு பெரிய ஆண் அப்படி அழுவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதைப் பார்த்துத்தான் எங்களுக்கு அழுகையே வந்தது.

அன்று அழுத மனிதருக்கு இன்று அவள் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

லீடருக்குப் போன் செய்தேன். வகுப்புத் தலைவியாக இருந்தவள். இப்போது வங்கி மேலாளர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலைல சாப்பிட்டியா? சுகர் இறங்கிடுச்சா உனக்கு?" என்றாள். அடுத்து கோந்துவுக்கு. அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். பள்ளியில் யார் பக்கத்தில் உட்கார்ந்தாலும் ஒட்டிக்கொள்வான், அதனால் கோந்து. "இரு, வண்டியை ஓரங்கட்டிக்கறேன்" என்றான். பிறகு பக்கத்தில் வண்டி ஓட்டப் பழகுகிறவரிடம், "நீங்க இறங்கி ஒரு டீ குடிச்சுட்டு வாங்க சார்" என்று சொல்வது கேட்டது.

ஞாயிறு லீடரின் வீட்டில் கூடினோம். அவள் வருவதற்கு முன்பே லீடர் கறாராகச் சொல்லிவிட்டாள்: முதலில் அவள் பேசட்டும், பேச்சுவாக்கில் நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன், நீங்கள் யாரும் வாயை விடக் கூடாது. கோந்து தலையாட்டினான். அழைப்பு மணி அடித்ததும் மூவரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், வகுப்புக்குள் ஆசிரியர் வந்ததுபோல. கீச்சு வாசலில் கேக் பெட்டியோடு நின்றாள். கோந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வெங்காயம்" என்றான். அங்கே யாரும் வெங்காயம் நறுக்கவில்லை.

ஆனால் உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் எப்படியோ எல்லாம் பழையபடி ஆனது. கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்தி, மணி அடித்ததும் கரும்பலகைக்கே "தேங்க்யூ" சொல்லிவிட்டுப் போகும் இயற்பியல் ஆசிரியர். ஆய்வகத்திலிருந்து தப்பித்த தவளை தலைமையாசிரியரின் மேஜை டிராயரில் கிடைத்த கதை. வராதவர்களுக்கெல்லாம் கீச்சு விதவிதமாகக் குரலை மாற்றி "உள்ளேன் ஐயா" சொல்வதும், கடைசியில் கீச்சென்று போய் மாட்டிக்கொள்வதும். அவள் அதை இப்போது சொல்லிக் காட்டினாள். லீடர் சோபாவிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கும் வயிறு வலித்தது. கொஞ்ச நேரம் நான் உண்மையாகவே மறந்துபோனேன்.

"கணக்கு வாத்தியாருக்குக் காது மந்தம், அதான் தப்பிச்சேன்" என்றாள் கீச்சு. "அவரு மட்டும் கண்டுபிடிச்சிருந்தா என்னைக் கொன்னே போட்டிருப்பாரு."

"அவராவது! உனக்காகக் கப்பு வாங்கணும்னு மொதல்ல சொன்னதே அவர்தான்" என்றான் கோந்து, சிரிப்பு அடங்காமல்.

"எனக்குக் கப்பா? என்ன கப்பு?"

லீடர் அவனை முறைத்தாள். அவன் தட்டிலிருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது சிவந்துவிட்டது.

"என்னடி? சொல்லுங்க. என்ன கப்பு?"

லீடர் தரையிலிருந்து எழுந்து கீச்சுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எத்தனையோ பேருக்குக் கடன் கிடையாது என்று சொல்லிப் பழகியவள். அவளே என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "பேச்சுப் போட்டிக்கு. வருஷா வருஷம் தர்றாங்க. உன் நினைவா" என்றாள்.

"நினைவான்னா?"

"நீயும் அம்மாவும் வெளியூர் போன பஸ்ஸு கவுந்து... ரெண்டு பேரும் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. இரங்கல் கூட்டமெல்லாம் நடந்துச்சுடி."

கீச்சு சிரித்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள், ஒவ்வொன்றாக. சிரிப்பு நின்றது.

"யாரு சொன்னா?"

நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "உங்க அப்பா. கூட்டத்துக்கும் வந்திருந்தாரு."

அவள் கையிலிருந்த கோப்பையைக் கவனமாக மேஜையில் வைத்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள், எங்களிடம் சொல்வதுபோல் இல்லை, தனக்குத்தானே கூட்டிப் பார்ப்பதுபோல். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒத்துவரவில்லை. ஒருநாள் விடிகாலை அம்மா அவளை எழுப்பி, ஒரு பையோடு ரயிலேற்றிக் கூட்டிப் போய்விட்டாள். அம்மாவுக்குத் தெரியாமல் கீச்சு அவ்வப்போது அப்பாவின் அலுவலகத்துக்குப் போன் செய்வாள்.

"ஒவ்வொரு தடவையும் கேப்பேன். என் ஃப்ரெண்ட்ஸ் யாராவது என்னைக் கேட்டாங்களாப்பான்னு. 'இல்லம்மா, யாரும் கேக்கல. அவங்கவங்க வேலையைப் பாத்துட்டுப் போயிட்டாங்க'ம்பாரு." அவள் என்னைப் பார்த்தாள். "உன்னைப் பேர் சொல்லியே கேட்டிருக்கேன்டி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய இடம் காலியாக இருக்கட்டும் என்று அந்த வருடம் முடியும்வரை நான் பெஞ்சின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை இப்போது சொல்வதில் என்ன இருக்கிறது?

"கல்யாணத்துக்குக்கூட ஒருத்தரையும் கூப்பிடல. தேடணும்னு தோணும். வேண்டாதவங்க வீட்டுக் கதவை எதுக்குத் தட்டணும்னு விட்டுடுவேன்." திடீரென்று எதையோ கண்டுகொண்டவள்போல் நிமிர்ந்தாள். "அந்தச் சர்டிபிகேட்! பழைய ஸ்கூல் சர்டிபிகேட் இல்லாம எங்கயும் சேத்துக்கல என்னை. அப்பாகிட்ட கேட்டா, ஹெட்மாஸ்டர் கோவமா இருக்காரு, தரமாட்டேங்கறாருன்னே சொல்லிட்டிருந்தாரு. வீட்டுல உக்காந்து தனியாப் படிச்சு, தனியாப் பரீட்சை எழுதினேன். அதுக்கப்புறம் நான் ஸ்கூல் பக்கமே போகலடி." மறுபடி சிரித்தாள், இந்தத் தடவை குரல் உடைந்து மேலேறியது. "செத்தவளுக்கு எப்படிச் சர்டிபிகேட் தருவாங்க?"

கோந்து எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். பெண்டாட்டி விட்டுவிட்டுப் போனாள் என்று சொல்ல வெட்கப்பட்டு ஒரு மனிதர் இரண்டு பேரைக் கொன்றுவிட்டார். அதை ஊரே நம்பியது. ஒரு அப்பா அழுதுகொண்டு சொல்லும்போது யார் போய் விசாரிப்பார்கள்?

"நான் கிளம்பறேன்" என்றாள் கீச்சு. "அவருக்குச் சாப்பாடு கொடுக்கணும்." லீடர் தடுக்கப் பார்த்தாள். கேட்கவில்லை. நான் கூடப் போனேன். வண்டியில் அவள் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, சிவப்பு விளக்குகளில் நாங்கள் நிற்கும்போதெல்லாம் சாலையைக் கடக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீடு இரண்டாவது மாடி. அவருக்குத் துணையாக உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து போனாள். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் அவர் இருந்தார். நான் மண்டபத்தில் பார்த்த ஆளில் பாதிகூட இல்லை. முகம் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. மடியில் இடது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள்போலக் கிடந்தது. நகம் வெட்டி, தலை வாரி, சுத்தமாக இருந்தார். எல்லாம் அவள் செய்ததுதான். மகளைக் கண்டதும் நல்ல பக்கத்து உதடு விரிந்தது.

கீச்சு சமையலறைக்குப் போய் சூப்பைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள். கழுத்தில் துண்டைக் கட்டினாள். முதல் கரண்டியை ஊட்டி, வழிந்ததைத் துடைத்தாள். "அப்பா, இவ என்கூடப் படிச்சவ" என்றாள்.

அவர் கண் என் பக்கம் திரும்பியது. அப்படியே நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. மூச்சு வேகமானது. கீச்சு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, அவர் எதிரே தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நான் எப்படிப்பா செத்தேன்?"

அவர் பேசமாட்டார் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் தாடை மட்டும் அசைந்தது. பிறகு குழறிக் குழறி, ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"பஸ்... பாலத்துல... மழை." நிறுத்தி, மூச்சு வாங்கினார். "நீ... முன்சீட்டு. ஜன்னலோரம். உனக்கு ஜன்னல்தானே... பிடிக்கும்."

அது மாட்டிக்கொண்டவர் சொல்லும் சமாதானம் இல்லை. நேரில் பார்த்தவர் சொல்வது போல இருந்தது. அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கி, உணர்வில்லாத கன்னத்தில் வழியறியாமல் ஓடியது.

"கஷ்டப்படலம்மா நீ" என்றார், அவளை ஆறுதல்படுத்துவதுபோல. "உடனே... போயிட்ட."

கீச்சு அசையவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று முயன்று அது உறுமி உறுமி அடங்கியது. அவருடைய வலது கை நாற்காலியின் பிடியிலிருந்து மெல்ல எழுந்தது. நடுங்கிக்கொண்டே முன்னால் நீண்டு, அவள் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் அதற்கு எட்டவில்லை. அவள் விலகவில்லை, முகத்தைக் கிட்டே கொண்டுபோகவும் இல்லை. அந்தக் கை அப்படியே காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது.